பூவாயி பார்க்கும் படம்

இடது உள்ளங்கையை முகத்துக்கு எதிரே நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படத்திலிருக்கும் மரத்தை மறைக்கிறார் பூவாயி. கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார். பிறகு கையைச் சற்று இறக்கி, மரத்தை விட்டுவிட்டு, அதில் கட்டியிருக்கும் தூளியை மறைக்கிறார். அதன் பிறகு தூளிக்கு முன்னால் நிற்கும் பெண்ணின் கைகளை. ஒவ்வொரு முறையும் "ம்" என்று ஒரு சத்தம் வருகிறது. அது ஒப்புதலா மறுப்பா என்று பக்கத்தில் நிற்பவருக்குப் பிடிபடாது. இவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டிருந்தால் கை வலிக்காதா என்று ஒரு நாள் கேட்டேன். "வருசம் பூரா செடிக்கு முன்னால கையத் தூக்கிட்டு நிக்கறவ நானு. இதெல்லாம் ஒரு வலிங்களா?" என்றார், மூடிய கண்ணைத் திறக்காமலே.

ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் சாலையிலிருந்து சற்று மேடேறினால், பழைய பங்களா ஒன்று ஓவியக்கூடமாக இருக்கிறது. சென்னைக்காரக் குடும்பம் ஒன்று தங்கள் வீட்டிலிருந்த படங்களையெல்லாம் கொண்டுவந்து மாட்டி, ஊர்ப் பொதுவுக்குத் திறந்துவிட்டது. வாசலில் பெயர்ப் பலகை நீளமாக இருக்கிறது. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'பட ஊடு' என்றால் ஆட்டோக்காரருக்குப் புரிந்துவிடும். அங்கே நாற்பத்தொரு படங்கள் உண்டு. பூவாயி பார்ப்பது ஒன்றைத்தான்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. பாட்டன் காலத்தில் ஓமலூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். கொட்டச்சேட்டுக்கு அருகே ஒரு காபி எஸ்டேட்டில் முப்பத்தைந்து வருடமாகப் பழம் பறிக்கிறார், களை எடுக்கிறார், நிழல் மரத்துக்கு அடியில் மிளகு பொறுக்குகிறார். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டுக்கு விடுமுறை. காலை பஸ்ஸில் ஏற்காடு வந்து, கடைவீதியில் வாங்க வேண்டியதை வாங்கி, பதினோரு மணிக்குப் பட ஊட்டுக்கு வந்துவிடுவார். பையைப் பெஞ்சில் வைப்பார். தான் பெஞ்சில் உட்கார மாட்டார். "உக்காந்து பாத்தா படம் நம்மளப் பாக்கறாப்பல இருக்குதுங்க. நின்னாத்தான் நாம அதப் பாக்க முடியும்."

எதைப் பார்த்தாலும் எடை போடுகிற ஆள் அவர். பஸ் டிரைவர் எந்த வளைவில் பிரேக்கைச் சற்று முன்னாலேயே மிதித்தார் என்று இறங்கும்போது அவரிடமே சொல்லிவிட்டு இறங்குவார். டீக்கடையில் ஒரு வாய் குடித்ததும், "தூளு நல்ல தூளு, தண்ணிதான் பாதி கொதியில எறக்கிட்டீங்க" என்பார். கடைக்காரர்கள் முகம் சுளித்ததை நான் பார்த்ததில்லை. நல்லதை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் குறைக்கு வருவார். அப்படி வரும்போதும் "ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்று அனுமதி கேட்பார். அனுமதி கொடுக்காவிட்டாலும் சொல்வார்.

நான் ஏற்காடு தபாலாபீசில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போக்கிடம் இல்லாமல் பட ஊட்டுக்குப் போகத் தொடங்கினேன். அங்கே பொறுப்பாளராக இருப்பவர் அப்துல் ரஹீம். கடைவீதியில் கண்ணாடியும் சட்டமும் போடும் கடை வைத்திருந்தவர். இந்தப் படங்களில் பாதிக்குச் சட்டம் போட்டது அவர்தான். சுவரில் ஒரு படம் நூலிழை சாய்ந்திருந்தாலும் அவரால் தாங்க முடியாது. அவரும் நானும் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் பூவாயி அறிமுகமானார்.

முதல் தடவை பூவாயி படம் பார்க்க வரவில்லை. மழைக்கு ஒதுங்கி வராந்தாவில் நின்றிருக்கிறார். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிப் பளிங்குத் தரை நனைவதைப் பார்த்த ரஹீம் பாய், "ஏனுங்கம்மா, உள்ள வந்து சாக்குல நில்லுங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். சாக்கு விரித்திருந்த இடத்துக்கு எதிர்ச் சுவரில் இந்தப் படம் இருந்தது. மழை விட்ட பிறகும் அவர் அந்தச் சாக்கை விட்டு நகரவில்லையாம். அடுத்த ஞாயிறு மழை இல்லை. ஆனாலும் வந்தார்.

படம் பெரியது. நான்கடி அகலம் இருக்கும். காபித் தோட்டத்தில் ஒரு பெண் பழம் பறிக்கிறாள். இடுப்பில் சாக்குப் பை. குனிந்த தலை. பாதி மூடியதுபோன்ற இமைகள். அவளுக்குப் பின்னால் பத்தடி தள்ளி ஒரு சில்வர் ஓக் மரம். அதன் கிளையில் மஞ்சள் சேலையால் கட்டிய தூளி. உள்ளே குழந்தையின் ஒரு பாதம் மட்டும் தெரிகிறது. மரங்களின் ஊடாக வெளிச்சம் சாய்ந்து விழுகிறது. கீழே சின்னப் பலகையில், 'அமைதி. ஓவியர்: வேடியப்பன். 1968' என்று எழுதியிருக்கிறது.

பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்தப் படத்துக்கு முன்னால் சற்று நின்றுதான் போவார்கள். சென்னையிலிருந்து வந்த பெண் ஒருத்தி கண் கலங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

பூவாயி அதை ஒரே நாளில் பார்த்து முடிக்கவில்லை. ஒரு ஞாயிறு முழுக்க இலைகளை மட்டும் பார்த்தார். "மேல பளபளப்பு, அடிப்பக்கம் மங்கலு. பாத்துத்தான் போட்டிருக்காரு மனுசன்." இன்னொரு ஞாயிறு விரல்கள். "நல்ல கைங்க இது. பழத்த இழுக்கல பாருங்க, திருகுது. இழுத்தா காம்போட வந்துரும். அடுத்த வருசம் அந்த எடத்துல பூ வராது. இவளுக்கு வேலை தெரியுது." மூன்றாவது வாரம் வெளிச்சம். நான் அதைச் சாயங்கால வெயில் என்று நினைத்திருந்தேன். அவர் சிரித்தார். "பையப் பாருங்க சார். ஒட்டிக் கெடக்குது. சாயங்காலம்னா பை வயிறு மாதிரி இருக்க வேண்டாமுங்களா? இது காலைல, பனி வெலகுன நேரம்." அதன் பிறகு எனக்கு அந்தப் படம் காலை நேரமாகத்தான் தெரிகிறது. அதுவரை சோர்வாகத் தெரிந்த அந்தப் பெண் அன்று முதல் சுறுசுறுப்பாகிவிட்டாள்.

நான்காவது வாரம் அவர் மேஜையிலிருந்த கருத்து நோட்டைத் திறந்தார். மூன்று வருடத்துக்கு முன் கொட்டச்சேட்டில் நடந்த அறிவொளி வகுப்பில் எழுதப் படித்துக்கொண்டவர். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு காபிக் கொட்டை அளவுக்கு இருக்கும். 'மிக அருமை', 'அற்புதம்', 'மீண்டும் வருவோம்' என்று நிரம்பியிருந்த பக்கத்தில் அவர் எழுதியது இது: 'மரம் தப்பு. இதில் தூளி கட்டினால் ஒடியும். பூவாயி, கொட்டச்சேடு.'

ரஹீம் பாய் பதறிப்போனார். படங்களின் சொந்தக்காரர்கள் சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை வந்து அந்த நோட்டைப் புரட்டுவார்கள். அடுத்த ஞாயிறு பூவாயி வந்து பார்த்தபோது, அவர் எழுதிய வரியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. அடுத்த பக்கத்தில் அதே வரியை மறுபடி எழுதினார்.

"ஏனுங்கம்மா, இது பாராட்டு எழுதற நோட்டுங்க."

"மேல கருத்துன்னுதானுங்க பாய் போட்டிருக்குது. பாராட்டுன்னு போட்டிருந்தா நான் பேனாவத் தொட்டிருக்க மாட்டனே."

அந்தப் பக்கத்திலும் தாள் ஒட்டப்பட்டது. மூன்றாவது முறையும் எழுதினார். ரஹீம் பாய் பேனாவை மேஜையிலிருந்து எடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அதற்கடுத்த ஞாயிறு பூவாயி இடுப்பிலிருந்து தன் சொந்தப் பேனாவை எடுத்தார்.

அன்று நான் குறுக்கிட்டேன். படிப்பாளி என்ற நினைப்பு எனக்கு. "படம்னா நிஜத்துல இருக்கற மாதிரியே இருக்கணும்னு இல்லீங்களே. ஓவியர் மனசுல தோணுறதத்தானே வரைவார்?" என்றேன்.

அவர் பேனாவை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "தோணுறதப் போடட்டுங்க. மரத்த நீலமாப் போட்டாக்கூட நான் கேக்க மாட்டனுங்க. ஆனா கீழ அமைதின்னு எழுதி வெச்சிருக்காரில்ல? என்னைய நம்பச் சொல்றாரில்ல? நானும் ஏழெட்டு வாரமா நம்பிப் பாக்கறனுங்க. முடியல. தூளியப் பாத்தா எனக்கு வயித்துல கல்லு உருளுது. படத்துல அந்தக் கல்லு இல்ல. எல, கையி, வெளிச்சம் எல்லாத்தையும் இத்தன சரியாப் போட்ட மனுசன் இத மட்டும் எப்படி உட்டாருன்னு கேக்கறனுங்க. நல்லாப் போடாதவரா இருந்தா நான் ஏன் மெனக்கெட்டு வந்து கேக்கறேன்?"

ரஹீம் பாய்க்குத்தான் ஒரு யோசனை தோன்றியது. பூவாயியைத் தட்டிக்கழிக்கத்தான் அப்படிச் சொன்னதாகப் பின்னால் என்னிடம் ஒப்புக்கொண்டார். "என்ற நோட்டுல எழுதி என்னுங்க ஆகும்? போட்டவரு மெட்ராஸ்ல இருக்காரு. அவருக்கு எழுதுங்க. விலாசம் தர்றேன்."

"தாங்க" என்று உடனே கை நீட்டினார் பூவாயி.

மறு ஞாயிறு நான் ஓர் இன்லேண்டு லெட்டர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வராந்தாப் படியில் உட்கார்ந்து அவர் எழுத ஆரம்பித்தார். இரண்டு வரி எழுதுவார், நிறுத்துவார். அப்படி நிறுத்திய நேரத்தில்தான் அவருடைய மகள் கலாவதியின் கதையைச் சொன்னார்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நடந்தது. கலாவதி எட்டு மாதக் குழந்தை. பெண்கள் எல்லோரும் கைப்பிள்ளைகளை நிழல் மரங்களில் தூளி கட்டிப் போட்டுவிட்டுத்தான் பழம் பறிப்பார்கள். பலா மரம் கிடைத்தவர்கள் பலா மரத்தில். கிடைக்காதவர்கள் சில்வர் ஓக்கில். "பாக்கறதுக்கு அது கை நீட்டுன மாதிரி நல்லா இருக்கும் சார். காத்தடிச்சா முருங்கையாட்டம் ஒடியும்." அன்று காற்றடித்தது. பூவாயி நான்கு வரிசை தள்ளி நின்றிருந்தார். சத்தம் கேட்டு ஓடியபோது கிளை குழந்தையின் மேல் கிடந்தது. எஸ்டேட் லாரியில் ஏற்காட்டுக்கும், அங்கிருந்து சேலத்துக்கும் கொண்டு போனார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கை மட்டும் தோளுக்கு மேலே தூக்க வராமல் நின்றுவிட்டது.

மகளை ஆஸ்பத்திரியில் மாமியாரிடம் விட்டுவிட்டு, மூன்றாம் நாள் மலையேறி வந்த பூவாயி வேலைக்குப் போகவில்லை. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரின் ஆபீசுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். மற்றப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கொட்டகை, ஓர் ஆயா. வேறு எதுவும் அவர்கள் கேட்கவில்லை. "மரம் ஒடிஞ்சதுக்கு எஸ்டேட் என்ன பண்ணும்?" என்று ரைட்டர் கேட்டாராம். "மரத்துக்கு ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க, புள்ளைங்களுக்குப் பண்ணுங்க" என்றாராம் பூவாயி. இரண்டாம் நாள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மூன்றாம் நாள் மதியம் மிச்சமிருந்தது பூவாயியும் ராசம்மாள் என்கிற இன்னொருத்தியும். அன்று சாயங்காலம் கொட்டகைக்கு இடம் அளந்தார்கள். அந்த எஸ்டேட்டில் அதன் பிறகு மரத்தில் யாரும் தூளி கட்டவில்லை.

கலாவதி இப்போது சேலத்தில் தையல் வேலை செய்கிறார். "மெசின்ல ஒக்காந்துட்டா அந்தக் கையி தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தார் பூவாயி. மகளைப் பற்றி ஒரு வரிகூட அவர் அந்தக் கடிதத்தில் எழுதவில்லை. அதைச் சேர்த்தால் ஓவியருக்கு உறைக்குமே என்று சொன்னேன். "அது என்ற கத. நான் கேக்கறது அவரு படத்தப் பத்தி" என்று முடித்துவிட்டார்.

ஒட்டுவதற்கு முன் படிக்கக் கொடுத்தார். 'ஐயாவுக்கு வணக்கம். உங்கள் படம் ஒன்பது வாரம் பார்த்தேன். இலை சரி. கை சரி. வெளிச்சம் சரி. மரம் தப்பு. சில்வர் மரம் ஒடியும். அதில் ஏன் தூளி கட்டினீர்கள்? பதில் போடவும். பூவாயி.'

பதில் வராது என்றுதான் ரஹீம் பாயும் நானும் நினைத்தோம். மூன்று வாரத்தில் வந்தது, பட ஊட்டின் விலாசத்துக்கு. தபால்களைப் பிரிக்கும்போது அந்த உறையைக் கண்டதும் தனியே எடுத்து வைத்தேன். ஞாயிறு வரை காத்திருந்து பூவாயியிடம் கொடுத்தோம்.

வரியின் கீழே விரல் வைத்து அவர் சத்தமாகவே படித்தார். மரியாதையான கடிதம். ஓவியர் வேடியப்பன் எழுதியிருந்தார்: 'அம்மா, அந்தத் தூளியில் இருக்கும் குழந்தை நான்தான். என் தாய் சேர்வராயன் மலையில் ஒரு எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்தார். என்னைச் சில்வர் ஓக் மரத்தில்தான் தூளி கட்டிப் போடுவார். அவரே சொல்லியிருக்கிறார். ஆகையால் மரம் தப்பில்லை. என் படத்தை இவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை. நன்றி.'

"முடிஞ்சுதுங்களா?" என்றார் ரஹீம் பாய். அவர் குரலில் நிம்மதி இருந்தது.

பூவாயி கடிதத்தை இன்னொரு தடவை, இந்த முறை சத்தமில்லாமல் படித்தார். படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. காய்ச்சலோ என்னவோ என்று நான் சொன்னேன். "காய்ச்சல் இல்லீங்க, தோத்துட்டமேன்னு இருக்கும், பாவம்" என்றார் ரஹீம் பாய். வெள்ளைத் தாள் ஒட்டியதற்காக அவர் வருத்தப்பட ஆரம்பித்திருந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு கதவு திறக்கும் முன்பே பூவாயி வந்து நின்றார். நேரே படத்துக்குப் போனார். பன்னிரண்டு மணி வரை அங்கேயே நின்றார். மரத்தை மறைத்தார். தூளியை மறைத்தார். கைகளை மறைத்தார். பையை, இலைகளை, வெளிச்சத்தை. கடைசியில் அந்தப் பெண்ணின் தலையை மறைத்தார். மறைத்த கையை எடுத்தார், மறுபடி மறைத்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"பாய், அந்த நோட்ட எடுங்க. நான் எழுதுனதுதான் தப்பு. மேல ஒட்டுன தாள உரிச்சுக் குடுங்க, நானே அடிச்சு உடறேன்."

அடித்தும்விட்டார். மூன்று இடத்திலும் ஒரே நேர்கோடாக. "அட, உடுங்க பூவாயக்கா" என்றார் ரஹீம் பாய். அதுவரை அவர் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

"மரம் தப்பில்ல பாய். கழுத்து தப்பு."

நாங்கள் இருவரும் படத்தைப் பார்த்தோம். அழகான கழுத்து. அந்தப் படத்திலேயே அதுதான் அழகு என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

"இவரு அம்மா அந்த மரத்துலதான் கட்டுனாங்க. சரி. வேற மரம் கெடைச்சிருக்காது. ஆனா அது ஒடியற மரம்னு அவங்களுக்குத் தெரியுமுங்க, மலையில வேல செய்யற யாருக்குமே தெரியும். தெரிஞ்சும் கட்டுனவ கழுத்து இப்படி இருக்காதுங்க. கை பழத்துல இருக்கும். கண்ணு பழத்துல இருக்கும். காது பின்னால இருக்கும். காது பின்னால இருந்தா கழுத்து தானா ஒரு விரக்கடை திரும்பிக்கும். இங்க பாருங்க, நேராக் குனிஞ்சிருக்குது. இது புள்ளய ஊட்டுல படுக்க வெச்சுட்டு வந்தவ கழுத்து."

தனக்கே சொல்லிக்கொள்வதுபோல மெல்லச் சொன்னார். "தூளிக்குள்ள இருந்து பாத்த புள்ள போட்ட படமுங்க இது. அங்கிருந்து பாத்தா அம்மா அமைதியாத்தான் தெரிவா."

நாற்பது வருடமாகப் படங்களுக்குச் சட்டம் போட்ட ரஹீம் பாய் அன்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் இன்னோர் இன்லேண்டு லெட்டர் வாங்கி வந்தேன். இந்த முறை கடிதம் சின்னது. 'ஐயாவுக்கு வணக்கம். மரம் தப்பில்லை. நான் சொன்னது தப்பு. கழுத்துதான் தப்பு. எழுத வரவில்லை. நேரில் வந்தால் காட்டுகிறேன். பூவாயி.'

இதற்குப் பதில் வரவில்லை. கார்த்திகை போய் மார்கழி வந்தது. பழ சீசன் உச்சத்துக்கு வந்து, விரல் நுனிகளில் பழச்சாற்றின் கறையோடு பூவாயி ஞாயிறுதோறும் வந்தார். கடிதம் வந்ததா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "வருவாருங்க" என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். எப்படித் தெரியும் என்றதற்கு, "எலயோட அடிப்பக்கத்தப் பாத்துப் போட்ட மனுசன், கழுத்தப் பாக்காம உட மாட்டாரு" என்றார்.

போன ஞாயிறு வந்தார் வேடியப்பன். எழுபது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, கதர்ச் சட்டை, கையில் கனமான பிரம்பு. சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். வளைவுகளில் தலை சுற்றியிருக்க வேண்டும், முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் கொடுத்ததை வாங்கிக் குடித்துவிட்டு, "யாரும்மா பூவாயி?" என்று கேட்டார்.

"நானுங்க ஐயா. கும்புடறனுங்க."

இருவரும் படத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். ரஹீம் பாயும் நானும் சற்றுப் பின்னால் நின்றோம். தான் வரைந்த படத்தை அவர் இருபது வருடத்துக்குப் பிறகு பார்க்கிறாராம். காது பின்னால் இருக்கும், கழுத்து திரும்பும் என்று எங்களிடம் சொன்னதையே பூவாயி அவரிடமும் சொன்னார். கேட்டுவிட்டு வேடியப்பன் சொன்னார்.

"நீங்க எழுதினதை யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ஒத்துக்க முடியலைம்மா. என் அம்மா முகத்துல நான் பயத்தைப் பார்த்ததே இல்லை. அவ அமைதியானவ. அதைத்தான் வரைஞ்சேன்."

"நீங்க பாத்திருக்க மாட்டீங்க ஐயா. உங்களுக்குக் காட்டியிருக்க மாட்டாங்க."

அவர் பிரம்பை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "இனிமே இந்தப் படத்துல நான் கை வைக்க மாட்டேன். அதையும் சொல்லிடறேன்."

"வெக்க வேண்டாமுங்க. நல்ல படமுங்க இது. நல்ல படத்துல இருக்கற தப்பத்தான் நான் சொல்றேன். மாத்தச் சொல்லி நான் கேக்கலீங்க."

"அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?"

"உங்க அம்மா எப்படி நின்னாங்கன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமுங்களா?"

வேடியப்பன் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். "காட்டுங்க" என்றார்.

பூவாயி சேலையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். கூடத்தின் நடுவே வந்து, எங்களுக்குத் தெரியாத ஒரு செடிக்கு முன்னால் குனிந்தார். இடது கை கிளையை வளைத்துப் பிடித்தது. வலது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பழத்தைத் திருகத் தொடங்கின. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. அத்தனை வேகமாக ஒரு கை நகர்ந்து நான் பார்த்ததில்லை. இல்லாத பை இடுப்பில் இருப்பதுபோல உடம்பு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டது. கழுத்து மட்டும் நேராக இல்லை. சொன்னதுபோல, ஒரு விரல் அகலத்துக்குத் திரும்பியிருந்தது.

வேடியப்பன் முன்னாலிருந்து பார்த்தார். பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். பிறகு மெல்ல நடந்து அவருக்குப் பின்னால், பத்தடி தள்ளி, படத்தில் தூளி இருக்கும் தூரத்தில் போய் நின்றார். அங்கிருந்து அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பூவாயியின் விரல்கள் உரசும் சத்தம்கூடக் கேட்டது.

தவறியதோ, வேண்டுமென்றே விட்டதோ, தெரியாது. வேடியப்பனின் கையிலிருந்த பிரம்பு நழுவிப் பளிங்குத் தரையில் படாரென்று விழுந்தது.

சத்தம் எங்கள் காதில் விழுந்தபோது பூவாயியின் கழுத்து முழுதாகத் திரும்பிவிட்டிருந்தது. விரல்கள் மட்டும் நிற்காமல் பறித்துக்கொண்டே இருந்தன.